குகைக்குள் வெயில் அனுப்பியவர்

எங்கள் தெருச் சவரக்கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் அரைச்சவரம். கை தங்கமான கை, வாய்தான் ஓயாது. பேச்சு சூடுபிடித்தால் கத்தியும் கையுமாக வாசலுக்கே போய்விடுவார். ஒரு கன்னத்தில் நுரை காய்ந்து இழுக்க, நான் எத்தனை நாள் காத்துக் கிடந்திருப்பேன்! போதாததற்கு நன்றாக அளந்தும் விடுவார். அதனால் தையல்காரரான அவர் மச்சான், இவர் சொல்லும் எதையுமே நம்பமாட்டார்.

புகைப்படம் என்பது எங்களுக்குப் புதிதாக இருந்த காலம். மலையிலுள்ள பழைய குகைக்கோயிலைப் படமெடுக்க வெளியூர்க்காரர் ஒருவர் பெட்டியோடு வந்தார். சவரத்துக்கு உட்கார்ந்தவர் கடையின் பெரிய கண்ணாடியைப் பார்த்ததும் துள்ளி எழுந்தார். குகைக்குள் கும்மிருட்டு. வாசலில் நின்று கண்ணாடியால் வெயிலை உள்ளே திருப்பி, சாமி சிலைகள் மேல் ஒவ்வொன்றாக மெல்ல நகர்த்த வேண்டுமாம். வெயில் பட்ட இடம் மட்டும்தான் படத்தில் விழும், அதனால் அரை மணி நேரம் கவனம் சிதறக் கூடாதாம்.

"இது ஒரு வேலையா?" என்றார் நம்மவர்.

மறுநாள் இருவரும் மலையேறி இறங்கினார்கள். படத்தை ஊருக்குப் போய்க் கழுவி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வெளியூர்க்காரர் கிளம்பிவிட்டார்.

"சாமிக்கே வெளிச்சம் காட்டுன கை இது" என்று நம்மவர் மூன்று மாதம் முழங்கினார்.

"யாரு பார்த்தா மாப்ள? எந்த மரத்தடியில தூங்குனியோ!" என்றார் மச்சான்.

அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு தடவையாவது மச்சான் தன்னை நம்ப வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

படம் வந்த அன்று நான்தான் நாற்காலியில் இருந்தேன். கடையில் நிற்க இடமில்லை.

"இதுல நீ எங்க மாப்ள?"

"நான் குகைக்கு வெளியிலதான நின்னேன்!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மனிதர் முகம் சுருங்கிப்போயிற்று, எனக்கே பாவமாக இருந்தது. அவர் மனைவி படத்தை வாங்கி உற்றுப் பார்த்தார். ஏழு சிலைகளில் ஆறு பளிச்சென்று இருந்தன. நாலாவதுக்கு மட்டும் ஒரு கன்னம் வெளிச்சம், மறு கன்னம் இருட்டு.

"இந்தச் சாமிகிட்ட வந்தப்ப யாரோட பேசுனீங்க?"

அவர் திருதிருவென்று விழித்தார். "ஆடு மேய்க்கிறவர் ஒருத்தர் வந்தாரு. சௌக்கியமான்னு ஒரு வார்த்தைதான் கேட்டேன். அவரு மருமக கதைய எடுத்துட்டாரு..."

மச்சான் படத்தைப் பிடுங்கிப் பார்த்தார். பிறகு தன் தாடையைத் தானே தடவிக்கொண்டார்.

"போனது நீதான் மாப்ள, சத்தியமா நீயேதான்! சாமிக்கே அரைச்சவரம் பண்ண வேற யாரால முடியும்?"

நம்மவருக்குக் கண் கலங்கிவிட்டது. மச்சானே நம்பிவிட்டதைத் தெருவுக்குச் சொல்ல, கத்தியும் கையுமாக வாசலுக்கு ஓடினார். ஒரு கன்னத்து நுரையோடு நான் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.