கேள்வி தேடிப் போன சனிக்கிழமை

நான்காம் வகுப்பில் எங்கள் இங்கிலீஷ் மிஸ், வாக்கியங்கள் நான்கு வகை என்று நடத்தினார். ஒன்றைச் சொல்வது, கேட்பது, ஏவுவது, வியப்பது. வீட்டில் பேசுவதைக் கவனித்து, வகைக்கு ஐந்தாக இங்கிலீஷில் மாற்றி எழுதிவரச் சொன்னார்.

அப்போது நானும் அம்மாவும் கடலூர் முதுநகரில் மாமா வீட்டில் இருந்தோம். அப்பா சிதம்பரத்தில் தனியாக இருந்தார். லீவுக்கு வந்திருக்கிறோம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். பள்ளிக்கூடம் மாற்றிய பிறகும் அப்படித்தான் நினைத்தேன்.

ஏவலுக்கு அத்தை ஒருத்தியே போதும். “துணிய மடி.” “டிவிய நிறுத்து.” மாமா பேசினால் அது ‘ஒன்றைச் சொல்வது’ வகை: “கரண்டு பில்லு ஜாஸ்தி வந்துருக்கு.” பால் பொங்கி வழிந்தபோது வியப்பும் கிடைத்தது. கேள்விதான் கிடைக்கவில்லை. அந்த வீட்டில் யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. துணிக்கடை வேலை முடிந்து அம்மா வருவாள். அத்தை தட்டு வைப்பாள். அம்மா குனிந்தபடி சாப்பிடுவாள். நான் ஏதாவது கேட்டால், “போய்ப் படி.” அது மறுபடியும் ஏவல்.

கேள்வி கேட்கிற ஆள் அப்பாதான். யார் பக்கத்தில் உட்கார்ந்தாய், எதற்குச் சிரித்தாய் என்று துளைத்தெடுப்பார். அதனால் சனிக்கிழமை மத்தியானம், அத்தை கண்ணயர்ந்த நேரத்தில், முதுநகர் ஸ்டேஷனுக்கு நடந்துபோய், பிள்ளைகளோடு ஏறிய ஒரு குடும்பத்தின் பின்னாலேயே நானும் சிதம்பரம் பாசஞ்சரில் ஏறிவிட்டேன். அந்தப் பிள்ளைகள் முறுக்கு தின்றார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தபோது, பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லையே என்று முதன்முதலாகப் பயம் வந்தது.

கீழவீதிக்குப் பக்கத்தில் அப்பாவின் ஜெராக்ஸ் கடை. என்னைப் பார்த்ததும் மெஷினை அப்படியே ஓடவிட்டு வெளியே வந்தார்.

“என்னாம்மா, தனியாவா வந்த? யாரு ஏத்திவுட்டா? சாப்டியா?”

ஒரே மூச்சில் மூன்று! நான் விரல் மடக்கினேன். அவர் என் தலையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு சற்றுத் தள்ளிப்போய் அம்மாவுக்குப் போன் செய்தார். “எங்கிட்டதான் இருக்கா. அழுவாத” என்றது மட்டும் கேட்டது.

பொழுது சாயும் நேரத்தில் அம்மா வந்தாள், கடை யூனிஃபார்ம் சேலையோடு. என் முதுகில் ஓர் அடி வைத்து, உடனே கட்டிக்கொண்டாள். அப்பா அவளுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்டார். அவள் உட்காரவில்லை.

“எளச்சிட்டியே” என்றார் அப்பா.

அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“தோச வாங்கியாரட்டுமா? சாப்டுட்டுப் போறியா?”

“பஸ்ஸு இருக்கு” என்றாள் அம்மா.

அந்த நேரம் பார்த்து ஒருவர் ஆதார் கார்டை நீட்டி இரண்டு காப்பி கேட்டார். அப்பா மெஷின் பக்கம் திரும்பினார். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் தயாராக நின்றது. “கூட்டமா இருக்கு, அடுத்ததுல போவலாம்” என்றாள் அம்மா. ஜன்னலோர சீட்டே காலியாக இருந்தது. அடுத்த பஸ்ஸும் வந்து, கண்டக்டர் கூவிக் கூவி அழைத்து, அதுவும் போனது. அம்மா நாங்கள் வந்த வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானோ மூன்றும் இரண்டும் ஐந்து என்று விரல் மடக்கி, வீட்டுப்பாடம் முடிந்த சந்தோஷத்தில், அவள் எதற்காக நிற்கிறாள் என்று கேட்காமலே பக்கத்தில் நின்றிருந்தேன்.