குறை பார்க்க வந்த ஐயா

எங்கள் ஊரில் அதற்குப் பெயர் பிச்சைச் சம்பளம். அரசாங்கக் கடதாசியில் 'பொதுசன உதவிப்பணம்' என்று மரியாதையாகத்தான் அச்சடித்திருப்பார்கள். ஆனால் கல்முனைச் சந்தையில் நின்று அப்படிச் சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. உழைக்க ஏலாமல் போனவர்களுக்கு மாதாமாதம் தபால் கந்தோரில் கொடுக்கிற பணம் அது. பிச்சை என்ற அந்த முதற்சொல்லைக் கேட்டாலே எனக்குக் கோபம் உச்சியில் ஏறும். எண்பதுகளின் தொடக்கத்தில், முப்பது வயதில், அதற்கு நானே விண்ணப்பம் போட வேண்டி வந்தது.

நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு நெல் ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லொறியில் சாத்தியிருந்த பலகையில் ஏறும்போது கால் சறுக்கியது. நான் கீழே, மூட்டை எனக்கு மேலே. மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் மூன்று மாதம் மல்லாந்து கிடந்தேன். வீடு திரும்பியபோது சுவரைப் பிடித்தால் நிற்பேன், விட்டால் விழுவேன் என்ற நிலை. கால்தான் போனதே தவிர வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. பாயில் இருந்தபடியே வருகிறவர் போகிறவர் எல்லாரையும் ஏசுவேன். முற்றத்துக் கோழியைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

மனைவி பன்பாய் இழைத்தாள். நாள் முழுக்க இழைத்தாலும் மூன்று வயிற்றுக்குப் போதவில்லை. பக்கத்து வளவில் அவளுடைய ராத்தா இருந்தார், என் மனைவிக்கு மூத்தவர். அவர் வீட்டுச் சோறு வேலிக்கு மேலால் அடிக்கடி வந்தது. எத்தனை நாளைக்கு வரும்? எங்கள் பக்கத்துப் பெண்கள் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. ஒரு ஏஜென்ட் வந்து கதைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளே அவள் ஸ்டூடியோவுக்குப் போய் பாஸ்போர்ட் படம் பிடித்துக்கொண்டு வந்தாள். சின்ன உறை ஒன்றில் நாலு படம். மகளுக்கு அப்போது எட்டு மாதம், பால்குடி மறக்காத பிள்ளை.

உறையைக் கண்டும் காணாதவன் மாதிரி இருந்தேன். பிள்ளையை யார் பார்ப்பது, என்னை யார் கிணற்றடிக்குக் கூட்டிப் போவது என்றெல்லாம் சத்தம் போட்டேன். அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது என்பதுதான் விஷயம். அதை மட்டும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் கிராம சேவகர் வந்தார். ஊரில் எல்லாருக்கும் அவர் விதானையார். விண்ணப்பக் கடதாசியைக் கையோடு கொண்டு வந்திருந்தார்.

"பிச்சச் சம்பளமா? எனக்கா?" என்று எகிறினேன்.

"பேர் என்னவா இரிந்தா உனக்கென்ன மனே? பேரையா உலையில போடப்போறாய்? புள்ளட முகத்தப் பாத்திட்டுக் கையொப்பத்த வை."

வைத்தேன். இனித் தொழில் செய்ய ஏலாது என்று டொக்டர் எழுதித் தந்த கடிதத்தையும் சேர்த்து விதானையாரே கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாதம் போனது. வியாழக்கிழமை உதவிப்பணப் பகுதி ஐயா நேரில் வந்து வீட்டையும் ஆளையும் பார்ப்பார், அவர் எழுதுவதுதான் முடிவு என்று தகவல் வந்தது. வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகைக்குப் பிறகு படங்களை எடுத்துப்போக வருவதாக ஏஜென்ட் சொல்லியிருந்தான். "ஐயா சரி எண்டா நான் போகல்ல. இல்லாட்டிப் படத்தக் குடுத்திருவன்" என்றாள் மனைவி.

இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. எங்கள் வறுமையைப் பார்க்க ஒருவர் வருகிறார். நாங்கள் செய்த முதல் வேலை, அதை அவர் கண்ணில் படாமல் ஒளித்துவைத்ததுதான். எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒரு பெரிய மனிதர் வருகிறார் என்றால் வேறு விதமாக நடக்கத் தெரியாது. முற்றத்தில் கடற்கரை வெள்ளை மணல் பரவியது. இடப்பக்க வீட்டிலிருந்து இரண்டு கதிரை வந்தது. எதிர்வீட்டிலிருந்து மேசையும் பூப்போட்ட மேசைச்சீலையும், அதற்குமேல் வைக்க சவூதி றேடியோவும் வந்தன. ராத்தா தன் வீட்டுக் கதவுச்சீலையைக் கழற்றி எங்கள் அறை வாசலில் கட்டிவிட்டார். கிளாஸ், பீங்கான் எல்லாம் யார் வீட்டுடையது என்று எனக்கே தெரியாது. ஏழெட்டு வீட்டு முட்டையில் வட்டிலப்பம் என்ற இனிப்பு அவித்தார்கள்.

நானும் குறைந்தவனில்லை. வருகிறவரை இருந்தபடி வரவேற்பது முறையா? இரண்டு நாளாகச் சுவரைப் பிடித்து எழும்பிப் பழகினேன். கலியாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சேர்ட்டை மனைவி சிரட்டைக் கரிப் பெட்டியால் மடிப்புக் குலையாமல் தேய்த்துத் தந்தாள். தொப்பியும் போட்டுக்கொண்டேன்.

ஐயா காரைதீவைச் சேர்ந்தவர். ஐம்பது வயதிருக்கும். விதானையாரோடு சைக்கிளில் வந்து இறங்கினார். நான் முற்றத்தில் வீட்டுச் சுவரோடு நிமிர்ந்து நின்று, "வாங்க ஐயா, இரிங்க" என்றேன். ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார். கதிரையைப் பார்த்தார், றேடியோவைப் பார்த்தார். பிறகு இருந்து பைலைத் திறந்தார்.

"சொல்லுங்க தம்பி. உங்களுக்கு என்ன குறை?"

"அல்ஹம்துலில்லாஹ் ஐயா, ஒரு குறையுமில்ல."

வேண்டுமென்று சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. சுகம் கேட்டால் இறைவனைப் புகழ்வதுதான் எங்களுக்குப் பழக்கம். காய்ச்சலில் கிடக்கிறவனும் அதைத்தான் சொல்வான், அன்றைக்கு அடுப்பு மூட்டாதவனும் அதைத்தான் சொல்வான். அந்நியர் முன்னால் குறை சொல்வது, தந்தவனைப் பற்றியே முறைப்பாடு வைப்பது போல.

"நடக்க ஏலுமா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஏலும் ஐயா."

"சாப்பாட்டுக்கு என்ன செய்றீங்க?"

"அல்லாஹ் தாறான் ஐயா."

ஐயா ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற விதானையார் கண்ணைக் காட்டினார், தொண்டையைச் செருமினார், கடைசியில் தலையில் கையை வைத்துக்கொண்டார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆனால் சொன்னதை எப்படித் திருப்பி எடுப்பது? வட்டிலப்பத்தைச் சாப்பிடச் சொல்லி உபசரித்தேன், மடையன்.

ஐயா ஒரு வாய் தின்றுவிட்டுப் பேனையை மூடப்போனார். கதவுச்சீலைக்குப் பின்னாலிருந்து என் மனைவியின் குரல் கேட்டது. வெளி ஆண்கள் வந்திருக்கும்போது எங்கள் வீட்டுப் பெண்கள் வாய் திறக்கமாட்டார்கள். அவளும் அதுவரை திறந்ததில்லை.

"ஐயா, கொஞ்சம் பொறுங்க. நீங்க இரிக்கிற கதிர பக்கத்து வீட்டுக் கதிர. மேசையும் றேடியோவும் எதிர்வீட்டாக்கள்ற. நீங்க தின்ன பீங்கானும் எங்கட இல்ல. நான் மறைஞ்சி நிக்கிற இந்தச் சீல ராத்தாட. எங்கட எண்டு இந்த ஊட்டில கிடக்கிறது ஒரு பாயும், என்ட புள்ளயும், அந்தா நிக்கிற மனிசனும்தான்."

"சும்மா இரி!" என்று கத்தினேன்.

அவள் நிறுத்தவில்லை. "அவரு சுவரப் பிடிச்சிக்கொண்டு நிக்காரு ஐயா. விட்டா விழுந்திருவாரு. நாளைக்கு ஏஜென்ட் வாறான், பால்குடிப் புள்ளய விட்டுட்டு நான் போகப்போறன். குறையில்ல எண்டு அவரு சென்னது அல்லாஹ்வுக்குச் சென்னது. நீங்க எழுத வேண்டியது நான் செல்றத."

உள்ளே பிள்ளை அழத் தொடங்கியது.

ஐயா பேனையைக் கையில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "தம்பி, அந்தச் சுவர ஒருக்கா விடுங்க பாப்பம்" என்றார் மெதுவாக.

கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தன. அடுத்த வளவில் ராத்தாவும் அயலவர்களும் வேலியோடு நிற்பது எனக்குத் தெரியும். பிடித்த பிடியை விடாமலே, முடியாது என்று அவரை அனுப்பியிருக்கலாம். சீலைக்குக் கீழே மனைவியின் பாதங்கள் தெரிந்தன. அந்தப் பாதங்களைப் பார்த்துக்கொண்டே கையை விட்டேன்.

ஒரு மூச்சு நேரம் நின்றிருப்பேன். பிறகு கால் மடிந்தது. ஐயா பைலைப் போட்டுவிட்டுப் பாய்ந்து என்னை அக்குளில் பிடித்தார். வட்டிலப்பப் பீங்கான் மணலில் விழுந்தது. அவரும் விதானையாரும் என்னைப் பாயில் கிடத்தினார்கள். சேர்ட்டில் ஒட்டிய மணலை ஐயா தன் கையாலேயே தட்டிவிட்டார். முன்பு எழுதிய தாளைக் கிழித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். புதுத் தாள் ஒன்றில் வெகுநேரம் எழுதினார்.

போகும்போது சீலையைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, நாளைக்கு அந்த ஏஜென்டிட்ட படத்தக் குடுக்காதீங்க."

அவர் போன பிறகு நான் அழுதேன். மனைவியும் வந்து பக்கத்தில் இருந்து அழுதாள். கதிரை எடுக்க வந்த பக்கத்து வீட்டுக்காரி எங்களைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போனாள். கதிரை அன்றிரவு எங்கள் வீட்டிலேயே கிடந்தது. வெள்ளிக்கிழமை ஏஜென்ட் வந்தபோது, "படம் இல்ல" என்ற ஒரே சொல்லோடு அவனை அனுப்பினாள்.

இரண்டு மாதத்தில் உதவிப்பணக் கார்ட் வந்தது. நன்றிக்கு ஒரு நல்ல பாயை விதானையாரிடம் ஐயாவுக்குக் கொடுத்துவிட்டேன். விற்று அரிசி வாங்கச் சொல்லி அதை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தச் சம்பளத்தில் நாங்கள் மாடி கட்டவில்லை. ஆனால் அதுவும் பாய்க்காசும் சேர்ந்தபோது அடுப்பு எரிந்தது, பிள்ளை தன் உம்மாவின் மடியிலேயே பால் மறந்தது. அந்த மனிதருக்கு நான் இன்றும் துஆச் செய்கிறேன். காரைதீவைத் தாண்டிப் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அவர் நினைவு வரும்.

முதல் மாதம் ராத்தாவின் கணவர் என்னைச் சைக்கிளில் ஏற்றித் தபால் கந்தோருக்குக் கொண்டுபோனார். விதவைகளோடும் வயதானவர்களோடும் சுவரைப் பிடித்தபடி வரிசையில் நின்றேன். என் முறை வந்தது. கார்டை விரித்த கிளாக்கர், உள்ளே நான் வைத்திருந்த சின்னப் படத்தைக் கையில் எடுத்தார். முக்காட்டோடு, ஸ்டூடியோ வெளிச்சத்துக்குக் கண்ணைச் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி.

"இதென்ன, பாஸ்போர்ட் படமா? இது ஆரு?" என்று கேட்டார்.

"இந்தச் சம்பளத்த எனக்கு எடுத்துத் தந்தவ" என்றேன்.