பிரபுப் பட்டமும் முதல் உப்புக் கூடையும்

பிரிட்டிஷ் பிரபு ஒருவரின் பட்டத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், டீ வருவதற்கு முன்பே, நான் சாகடித்துவிட்டேன்.

புதுச்சேரியில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். பிரிட்டிஷ் பிரபுக் குடும்பங்களைப் பற்றிய பழைய புத்தகங்களைக் கணினியில் ஏற்றுவது எங்கள் பிரிவின் வேலை. டியூக், ஏர்ல், வைகவுண்ட் என்று எந்தப் பட்டமாக இருந்தாலும் யாருக்குக் கொடுத்தார்கள், யாரிடமிருந்து யாருக்குப் போனது, இப்போது என்ன நிலை என்று கட்டம் கட்டமாக நிரப்ப வேண்டும். கடைசிக் கட்டம்தான் முக்கியம். பட்டம் இன்னும் இருக்கிறதா, வேறொன்றோடு சேர்ந்துவிட்டதா, அற்றுப்போனதா, முடிவாகாமல் நிற்கிறதா என்று அதில் குறிக்க வேண்டும்.

நான் பார்த்த ஏர்லுக்குப் பெண் பிள்ளைகள் மட்டும்தான். மகன் இல்லை, தம்பி இல்லை. யோசிக்காமல் ‘அற்றுப்போனது’ என்று போட்டுவிட்டு அடுத்தவருக்குத் தாவினேன். பத்து நிமிடத்தில் டீம் லீடர் அக்கா என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

“உசுரோட இருக்கிறவங்களப் பொதைச்சிட்டியே! இது ஸ்காட்லாந்துப் பட்டம். மூத்த பொண்ணு வாங்கியிருக்கா, அவ பையன் வாங்கியிருக்கான், இன்னும் ஓடிட்டு இருக்குது. மொதமொத கொடுத்தப்போ இன்னா எழுதிக் கொடுத்தாங்கன்னு பார்த்தியா?”

பார்க்கவில்லை. பட்டம் எல்லாம் ஒரே மாதிரி இறங்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ‘இவருடைய உடம்பில் பிறந்த ஆண் வழிக்கு மட்டும்’ என்று ராஜா எழுதிக் கொடுத்திருந்தால், அந்த ஆண் வழி தீர்ந்த அன்றே பட்டமும் தீர்ந்தது. வேறு விதமாக எழுதியிருந்தால் பெண்ணுக்கும் போகும். எல்லாம் முதல் கடிதத்தில் இருக்கிறது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் படி ஏறிய முதல் ஆள் நான். அதனால் ஆபீஸில் எனக்குத் தெரியவந்தது எதுவும் என்னோடு நிற்காது, மரக்காணம் பஸ்ஸில் ஏறி வீடு வரைக்கும் வந்துவிடும். சாயங்காலம் அம்மா டீ போடும் நேரத்தில் அன்றைய பிரபுவின் கதையைச் சொல்வேன். டிவி சீரியலைவிட இதற்குக் கூட்டம் அதிகம். கூட்டம் என்றால் அம்மா, அப்பா, பிளஸ் டூ படிக்கும் தங்கச்சி.

“டியூக்கா இருந்த பையன் ராஜா ஆயிட்டா, அந்த டியூக் பட்டம் இன்னா ஆவும்?” என்று அப்பா ஒருநாள் கேட்டார்.

“ராஜா பட்டத்துக்குள்ள போய்ச் சேர்ந்துடும்பா. அப்புறம் தனியா இருக்காது.”

“ஆமா, கொடுக்கிறவனே அவன்தானே. தனக்குத் தானே மாலை போட்டுக்க முடியுமா?”

இதே விஷயத்தைப் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

தங்கச்சிக்குப் பிடித்தது வேறு. இங்கிலாந்தின் மிகப் பழைய பட்டங்கள் சிலவற்றில், மகன் இல்லாமல் இரண்டு மகள்கள் இருந்தால் இருவருக்கும் சம உரிமை. பட்டத்தைப் பாதியாக வெட்ட முடியாது. அதனால் அது யாருக்கும் இல்லாமல் அப்படியே நிற்கும். ராஜா ஒருத்தியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு வழி மட்டும் மிஞ்ச வேண்டும்.

“அப்போ அக்கா, நீ போய்ச் சேர்ந்தாத்தான் எனக்கு!” என்று கண்ணை உருட்டினாள் தங்கச்சி.

“டீயக் குடிடி மொதல்ல” என்றார் அம்மா.

எங்கள் வீட்டிலும் ஒரு பட்டம் உண்டு. உப்பளத்தில் அந்த வருடத்து உப்பை முதல்முதலாக வாரும்போது, முதல் கூடை எங்கள் அம்மன் கோயிலுக்குப் போகும். அதைத் தலையில் சுமந்து போகிற உரிமை எங்கள் வீட்டுக்கு. சுமந்தவருக்குக் கோயிலில் பரிவட்டம் கட்டுவார்கள், முதல் பொங்கல் கொடுப்பார்கள். அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பாத்திகூடக் கிடையாது. அடுத்தவர் அளத்தில் கூலிக்கு உப்பு வாருகிறவர். ஆனாலும் ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘மொதக்கூடைக்காரரு’ என்றுதான் சொல்வார்கள்.

இந்த வருடம் தை மாதம் வண்டியிலிருந்து விழுந்து அப்பாவுக்கு முட்டி போய்விட்டது. சுமை தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது ஊருக்குத் தெரிந்த மறுநாளே கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். உறவு இல்லை, நான் மாமா என்று முறை வைத்துக் கூப்பிடுகிறவர்.

“ஆம்பளப் புள்ள இல்லாத வூடு. இனிமே ஊர்ப் பொதுவுல வச்சிடலாம்னு பேசுறாங்க. வருஷத்துக்கு ஒருத்தர் தூக்கட்டும். ஞாயித்துக்கிழமை காலையில கோயிலாண்ட வந்துடு.”

அப்பா சரி என்று தலையை ஆட்டினார். ஊர்ப் பொதுவில் போனது திரும்பி வராது என்று அவருக்குத் தெரியும். அன்று அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார், வாயில் வைக்கவில்லை. பிரபுக்களுக்காவது பட்டம் போனால் வீடும் நிலமும் மிஞ்சும். என் அப்பாவுக்கு இருந்த ஒன்றே ஒன்று அதுதான்.

படுத்தபடி யோசித்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆபீஸில் நான் செய்த அதே தப்பைத்தான் ஊர் செய்யப்போகிறது. முதலில் எப்படி வந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவைத் தாங்கி அழைத்துப்போய் உட்கார வைத்துவிட்டு நானும் நின்றேன். கூட்டம் தொடங்கியதும் கேட்டேன்.

“மாமா, அப்பாவுக்கு முன்னாடி யாரு தூக்கினாங்க?”

“உங்க தாத்தா.”

“தாத்தாவுக்கு எந்த ஊரு?”

தலைவர் பக்கத்திலிருந்தவரிடம் திரும்பிக் கேட்டார். பிறகு பின்னாலிருந்து ஒருவர் சிரித்துவிட்டார். “இரும்பை கிராமம்ப்பா! அவரு வீட்டோட மாப்பிள்ளையா வந்தவராச்சே!”

“அப்போ கூடை அவர் வழியா வரல. அப்பாவோட அம்மா வழியா வந்திருக்குது. பொண்ணு வழியா ஒரு தடவ ஏற்கெனவே எறங்கியாச்சு. ஆம்பள வழிதான்னு நீங்க சொன்னா, இரும்பையில இருக்கிற தாத்தாவோட அண்ணன் பேரனத்தான் கூப்பிடணும். அவரு மல்லாட்டக் கடல பயிர் பண்றவரு. உப்பக் கொழம்புலதான் பார்த்திருப்பாரு.”

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், ஆனால் விடவில்லை.

“பொண்ணு வழியா வந்தாலும் தூக்கினது மாப்பிள்ளதானே? நீயும் ஒருத்தனக் கட்டிக்கோ. அவன் வந்து தூக்கட்டும்.”

ஆச்சரியம் என்னவென்றால் இங்கிலாந்திலும் ஒருகாலத்தில் இப்படித்தான். பட்டம் மனைவியுடையது, பிரபுக்கள் சபையில் போய் உட்கார்ந்தது புருஷன். அதைச் சொன்னால் அவர் பக்கம் பலமாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

அளத்தில் அம்மாவோடு உப்புச் சுமக்கிற அக்கா ஒருத்தி எழுந்தாள். “ஏன் தலைவரே, ஒத்தக் கூடைக்கு மட்டும் ஆம்பள வேணும். மிச்ச வருஷம் பூரா நாங்கதானே தூக்குறோம், அப்போ மட்டும் அம்மனுக்குக் கண்ணு தெரியலையா?”

தலைவர் துண்டை உதறித் தோளில் போட்டார். என் பக்கம் திரும்பினார். “நீ தூக்குவியா? மௌஸ் புடிக்கிற கை அது. சரி, பேச்சு இதுதான். பாத்தியிலேருந்து கோயில் வரைக்கும் நடுவுல எறக்காம வந்துட்டேன்னா உங்க வூட்டுக்கு. எறக்குனா ஊருக்கு.”

“சரிங்க மாமா” என்றேன். என் வாழ்க்கையில் அதுவரை ஓர் உப்புக் கூடையும் தூக்கியது கிடையாது. அந்தச் சுமை என் தலையில் ஏறக் கூடாது என்றுதான் அம்மா என்னைப் படிக்க வைத்தார்.

மறுநாளிலிருந்து காலையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் அம்மாவிடம் பயிற்சி. சும்மாடு வைத்து, கூடையில் ஈரமணலை நிரப்பி ஏற்றிவிடுவார்.

“கழுத்தால தூக்காதடி, இடுப்பால தூக்கு. கீழப் பார்க்காத. வரப்பு காலுக்குத் தெரியும்.”

என் காலுக்குத் தெரியவில்லை. மூன்று நாள் சேற்றில் உட்கார்ந்து எழுந்தேன். தங்கச்சி வரப்பில் நின்று கை தட்டினாள். “அக்கா, நீ எறக்கிட்டா சொல்லு, நானும் வாரிசுதான்!”

மாசியில் ஒரு வெள்ளிக்கிழமை உப்பு வாரினார்கள். அப்பா குச்சியை ஊன்றி நின்று, குனிந்து, முதல் பிடியைத் தானே அள்ளிப் போட்டார். பிறகு கூட்டத்தில் எழுந்து பேசிய அக்காவும் அம்மாவும் நிரப்பி ஏற்றினார்கள். மணலும் உப்பும் ஒன்றல்ல. புது உப்பிலிருந்து நீர் வடிந்து கண்ணில் இறங்கியது. துடைக்கக் கை இல்லை. பாதிக் கண்ணில் வரப்பைக் கடந்தேன். தலைவர் பக்கத்திலேயே நடந்து வந்தார், கூடையைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

வரப்பு முடிந்த இடத்தில் ஈசிஆர் ரோடு. நான் அதை யோசித்திருக்கவே இல்லை. சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்கள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு வந்தன, ஓர் இடைவெளி இல்லை. நிற்கும்போதுதான் சுமை கூடும். கூடை ஒரு பக்கம் சரிந்தது, இழுத்து நிமிர்த்தினேன். “எறக்கிடும்மா, போதும்” என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. பேசினால் கழுத்து ஆடும்.

அப்போது தலைவர் ரோட்டுக்குள் இறங்கினார். துண்டை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

“டேய் நிறுத்துடா! மொதக்கூடை போவுது தெரியல? கண்ணு இருக்குதா இல்லையா?”

ஒரு வெள்ளைக் கார் பிரேக் போட்டுக் கிறீச்சிட்டது, பின்னால் வரிசையாக எல்லாம் நின்றன. நான் ரோட்டைக் கடந்தேன். ஒருவர் கார் கண்ணாடியை இறக்கிப் படம் எடுத்தார். தலைவர் அவரையும் திட்டினார்.

அம்மன் முன்னால் கூடையை இறக்கியபோது கழுத்து திரும்பவே இல்லை. பரிவட்டத்தைத் தலைவர்தான் கட்டினார். அவிழ்ந்து விழுந்தது. என் முடி அடர்த்தி என்று குறை சொல்லிக்கொண்டே இன்னொரு முறை இறுக்கிக் கட்டினார்.

பொங்கல் கையில் வந்ததும் நான் கேட்டேன். “மாமா, கோயில் நோட்டக் கொடுங்க. எழுதிடலாம்.”

“அதான் எல்லாரும் பார்த்தாங்களே!”

“பார்த்தவங்க மறந்துடுவாங்க. தாத்தா இரும்பைன்னு மறக்கலையா?”

நோட்டு வந்தது. நான் எழுத எழுத உரக்கப் படித்தேன். முதல் கூடை இந்த வீட்டுக்கு. மூத்த பிள்ளைக்கு, அதற்குப் பின் அதன் மூத்த பிள்ளைக்கு. ஆணோ பெண்ணோ.

“மூத்தது வேணாம்னு சொன்னா?” என்றாள் தங்கச்சி.

“அடுத்ததுக்குன்னு சேர்த்துக்கம்மா” என்றார் தலைவர், அவளைப் பார்த்துப் பயந்தவர் போல.

சேர்த்தேன். தலைவர் கையெழுத்துப் போட்டார், அந்த அக்கா கைநாட்டு வைத்தாள். கடைசியில் நோட்டை அப்பா மடியில் வைத்தேன். போன வருடம்தான் அவருக்குக் கையெழுத்துச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அவர் பேனாவை உப்பு வாரும் பலகை போலப் பிடித்து, ஓர் எழுத்து போட்டு நிமிர்ந்து பார்த்து, அடுத்த எழுத்தைப் போட்டார். பொங்கல் ஆறியது. யாரும் அவசரப்படுத்தவில்லை.