எஸ்தர் அக்கா சொல்ல வந்தது

நமது சபைப் பத்திரிகையில் போதகர் ஐயாவும் மூப்பர்களும் எழுதுவார்கள். நான் ஜெபக்கூட்டத்தில்கூட வாய் திறந்து ஜெபிக்காதவள். அப்படிப்பட்டவள் எழுத வந்ததற்கு முதலில் என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். எஸ்தர் அக்காவைப் பற்றி என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் உங்களில் பலர் இருக்கிறீர்கள். யாராவது எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன். யாரும் எழுதாததால் எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை செய்யும் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது. கேட்டிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். அன்று ஷிப்ட் முடிந்து போனை எடுத்தபோது சபையின் வாட்ஸப் குழுவில் கூப்பிய கைகளாக வந்து கிடந்தன. என்னவென்று புரியாமல் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே போனேன். காலையில் ஒருவர் அனுப்பிய செய்தி வந்தது. இன்று எஸ்தர் சிஸ்டர் எழுந்து நடப்பார், விசுவாசிக்கிறவர்கள் ஆமென் போடுங்கள் என்று அதில் இருந்தது. அதன் கீழே எத்தனையோ ஆமென்கள். அவை முடிந்த இடத்தில் அக்கா இறந்துபோன செய்தி. அதற்கும் ஒருவர் அவசரத்தில் ஆமென் போட்டிருந்தார்.

கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். யாரிடமும் சொல்ல வரவில்லை. கவரைப்பேட்டை தாண்டிய பிறகு, பக்கத்தில் இருந்த சுமதி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா, எஸ்தரா?" என்று கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டினேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அக்காவைச் சபையில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவருடைய பஸ் தெரியாது. எங்கள் கம்பெனியில் ரப்பர் பாகங்களைச் சோதித்துப் பிரிக்கும் பகுதியில் அவர் பல வருடங்களாக வேலை செய்தார். கணவர் இல்லை. மகள் ஜெனி பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஆரணிப் பக்கத்திலிருந்து மணவாள நகருக்குக் குடிவந்த புதிதில் நான் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அது எப்படியோ தெரிந்து, பஸ்ஸில் இருந்த பெண்கள் எனக்கு "டிகிரி" என்று பேர் வைத்துவிட்டார்கள். "டிகிரி, கொஞ்சம் நவுரு." "டிகிரிக்கு ஜன்னல் சீட்டு குடுங்கடி, காத்து வாங்கட்டும்." நான் தலை குனிந்து உட்கார்ந்திருப்பேன். ஒரு நாள் முன் இருக்கையிலிருந்து எஸ்தர் அக்கா எழுந்து திரும்பினார்.

"ஏ, அந்தப் பொண்ணுக்கு ஆத்தா அப்பன் வெச்ச பேரு இருக்குது. அதச் சொல்லிக் கூப்புடுங்க!"

பஸ் அமைதியானது. அக்கா என்னைப் பார்த்து, "ஆமா, உன் பேரு இன்னா கண்ணு?" என்று கேட்டார். டிரைவர் வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த பஸ்ஸில் நான் சிரித்தது அதுதான் முதல் முறை.

காலையில் பெரியபாளையம் தாண்டியதும் அக்கா பையிலிருந்து சின்ன வேதாகமத்தை எடுப்பார். மனதுக்குள் படிப்பார். யாருக்கும் பிரசங்கம் செய்யமாட்டார். ஆடி மாதம் பவானி அம்மனுக்கு வேப்பஞ்சேலை கட்டும் சுமதி அக்காதான் அவரை விடமாட்டார். ஒரு முறை சுமதி அக்கா காய்ச்சலில் படுத்து எழுந்து வேலைக்குத் திரும்பிய அன்றே ஓவர்டைம் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை அந்தக் கோபத்தோடு பஸ் ஏறியவர், "இன்னிக்கு இன்னா கதை?" என்றார்.

"பேதுரு ஊட்டுக் கதை. அவரு மாமியார் ஜுரமா படுத்துக்கினு இருந்தாங்க. ஏசு கையத் தொட்டாரு, ஜுரம் உட்டுச்சு. ஒடனே எழுந்து எல்லாருக்கும் சாப்பாடு போட்டாங்களாம்."

"ஒரு நாளு ரெஸ்டு குடுக்கலியா? நம்ம சூப்பர்வைசரே தேவலாம் போல."

"அதத்தான் நானும் ஆண்டவருகிட்ட கேட்டுக்கினு இருக்கேன்."

"இன்னா சொன்னாரு?"

"இன்னும் பதில் வரல. வந்தா உன்கிட்டதான் மொதல்ல சொல்லுவேன்."

அக்காவின் தியானங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தன. மாவு கரைக்கும்போதும் பஸ்ஸுக்கு ஓடும்போதும் எழுகிற கேள்விகளை அவர் அப்படியே ஆண்டவரிடம் கொண்டுபோவார். அதனால் அவருடைய பக்தி குறைந்ததாக எனக்குத் தோன்றியதில்லை. அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் நான் சபைக்கு வரத் தொடங்கினேன்.

வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபத்தில் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பின் ஒருவராக ஜெபிப்போம். என் முறை நெருங்க நெருங்க எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும். அக்கா எப்போதும் எனக்கு அடுத்த இடத்தில் உட்காருவார். என்னால் முடியாதபோது அவர் கையை லேசாக அழுத்துவேன். ஒரு கணம் விட்டு அவர் தொடங்கிவிடுவார். இதற்காக ஒரு நாள் வெட்கப்பட்டு அழுதேன். "அன்னாளும் தேவாலயத்துல ஜெபம் பண்ணச்சொல உதட்டத்தான் அசைச்சா. அந்த ஏலி ஆசாரியன் பாத்துட்டு, குடிச்சிட்டு வந்திருக்கான்னு நெனச்சிட்டாரு. உன்ன அப்படி யாரும் சொல்லலியே, உடு" என்றார்.

இனி எழுதுவது கடினமானது. யாரையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில், அந்த வருடத்துக்கான வசனம் என்று நாம் ஆளுக்கொன்று எடுப்போம். இந்த வருடம் அக்காவுக்கு வந்தது, சாகமாட்டேன், பிழைத்திருப்பேன் என்று சங்கீதக்காரன் பாடுகிற வசனம். "எல்லாருக்கும் சமாதானம், ஆசீர்வாதம்னு வருது, எனக்கு மட்டும் இன்னாடி இது?" என்று வாசலில் நின்று சிரித்தார். சில வாரங்கள் கழித்து, விடாத வயிற்று வலிக்குப் பரிசோதனை செய்தபோது கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். அன்றே நாம் எல்லோரும் அந்த அட்டையை நினைத்துக்கொண்டோம். மருத்துவர் சொல்லப்போவது ஆண்டவர் முன்கூட்டியே அறிந்து பதில் கொடுத்துவிட்டார் என்று பேசினோம். எனக்கும் அது பெரிய தைரியமாக இருந்தது. ஜெனி அட்டையை பீரோ கண்ணாடியில் ஒட்டினாள்.

பிறகு ஆஸ்பத்திரியில், இனி வலிக்கு மட்டும்தான் மருந்து என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். நம் சபைப் பெண்கள் அந்த வீட்டுக்குச் செய்ததை நான் மறக்கமாட்டேன். முறை போட்டுக்கொண்டு கஞ்சி வைத்தீர்கள், போர்வை துவைத்தீர்கள், ஜெனிக்குத் தலை பின்னினீர்கள். ஆனால் அக்கா, "ஜெனி விஷயமா ஒண்ணு சொல்லணும், ஒருவேள நான் போயிட்டா..." என்று தொடங்கும்போதெல்லாம் யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொள்வார். "சிஸ்டர், அந்த வார்த்த வாயில வரவே கூடாது. பிசாசுக்கு எடம் குடுக்காதீங்க. வசனத்த அறிக்கை பண்ணுங்க." அக்கா வசனத்தைச் சொல்வார். நாம் கைதட்டிப் பாடுவோம். சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அன்பினால்தான் அப்படிச் செய்தீர்கள். அது அவருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் அவரும் மட்டும் இருந்தோம். ஜெனி மருந்து வாங்கப் போயிருந்தாள். ஈரத்துணியால் அவர் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அக்கா கேட்டார்.

"லாசருவ ஏசு எழுப்புனாரு இல்ல? அப்பறம் அந்த மனுசன் மறுபடியும் ஒரு நாளு செத்துதானே இருப்பான்?"

"ஆமாக்கா."

"மொத தபா செத்தப்போ ஊரே அழுதுது. ஏசுவே அழுதாரு. ரெண்டாவது தபா படுத்தப்போ இன்னா பண்ணியிருப்பாங்க? இவன் பொழச்சவனாச்சேன்னு ஒருத்தரும் நம்பியிருக்க மாட்டாங்க. பாவம், அவன் யாருகிட்ட சொல்லிக்கினு போயிருப்பான்?"

அவர் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார். "பொன்னேரிக்குப் போறவகூட பெத்த பொண்ணுகிட்ட சொல்லிக்கினுதான் போறா. எனக்கு ஜெனிகிட்ட சொல்லிக்கினு போவணும். வாயெடுத்தாலே அவ வசனத்தச் சொல்லிடுறா. புள்ள அவ்ளோ நம்பிக்கையா இருக்கச்சொல நான் எப்படி ஒடைப்பேன்? நீ பக்கத்துல இரு. ஒண்ணும் பேச வேணாம். அவ எழுந்து போவாம மட்டும் பாத்துக்க."

அந்தச் சனிக்கிழமை நான் லீவு போட்டேன். ஜெனியைக் கட்டிலில் அக்காவின் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் எழ முடியாதபடி நான் இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

"ஜெனி, அம்மா ஒண்ணு சொல்லுவேன். நடுவுல பேசக் கூடாது."

"வசனம்கூட சொல்லக் கூடாதா?"

"கூடாது."

"சரி, சொல்லு."

அக்கா அவள் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டார். "அம்மாவுக்கு..." என்றார். வாசலில் கஞ்சிரா சத்தம் கேட்டது.

அன்று சபையில் அக்காவுக்காக உபவாச ஜெபம். அதை முடித்துவிட்டு, சபையார் சாப்பிடாமல், வெயிலில் நேராக இங்கே வந்திருந்தார்கள். ஜெனி என்னைத் தாண்டிக் குதித்துக் கதவைத் திறக்க ஓடினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். "அக்கா இப்பதான் பேச ஆரம்பிச்சாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு..." என்று சொன்னேன். முன்னால் நின்ற அம்மா ஒருவர், "அல்லேலூயா! பேசுற பெலன் வந்துடுச்சா!" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. மற்றவர்களுக்கு நான் கதவோரம் ஒதுங்கி வழிவிட்டேன். உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. ஜெனி எல்லோரையும்விடச் சத்தமாகக் கைதட்டினாள். அக்கா என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பரவாயில்லை என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தார்.

மறுநாளிலிருந்து வலிக்கான மருந்தைக் கூட்டினார்கள். அதன் பிறகு அக்கா தெளிவாக எதுவும் பேசவில்லை. முனகினார், தண்ணீர் கேட்டார். ஜெனியின் பெயரைச் சொன்னார், ஆனால் ஜெனி "இன்னாம்மா?" என்று குனிந்தபோது வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அதே வாரத்தில் இறந்துவிட்டார்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது ஒருவர் ஜெனியை அணைத்துக்கொண்டு, "எங்கியோ ஒரு எடத்துல விசுவாசம் தளந்துடுச்சும்மா, நீயாவது உறுதியா இரு" என்று சொன்னார். அழுதுகொண்டேதான் சொன்னார். நான் பின்னால் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

ஜெனி இப்போது பொன்னேரியில் பெரியம்மா வீட்டில் இருக்கிறாள். சாயங்காலம் நான் பஸ்ஸில் வரும்போது எனக்கு போன் செய்வாள். பரீட்சை பற்றிப் பேசுவாள், பெரியம்மாவின் சாம்பாரைக் கிண்டல் செய்வாள். ஒரு நாள் பேசிக்கொண்டே இருந்தவள் திடீரென்று நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, கடைசி வாரம் அம்மா ரொம்ப முனகிக்கினே இருந்தாங்க இல்ல? பாத்ரூம்ல போயி நின்னுக்கினு, போதும் ஆண்டவரே, கூட்டிக்கோன்னு ஒரு தபா நெனச்சுட்டேன். அதனாலதான் வசனம் பலிக்கலியா?"

இல்லை என்றேன். நிச்சயமாக இல்லை என்றேன். எனக்குத் தெரிந்த விதத்தில் எல்லாம் சொன்னேன். "உனக்குத் தெரியாதுக்கா" என்று போனை வைத்துவிட்டாள்.

அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். எலியாவைப் பற்றி அவர் பஸ்ஸில் ஒரு முறை சொன்னது: "சாவணும்னு படுத்துட்டவனுக்கு தேவதூதன் வசனம் சொல்லல பாரு. அடை சுட்டு, தண்ணி வெச்சு, தூங்க உட்டான்." நோயாளி இருக்கும் வீட்டுக்கு இப்போது நான் போனால் பாத்திரத்தைத் தேய்த்துவிட்டுப் பக்கத்தில் உட்காருகிறேன். அவர்கள் பேசினால் முடிக்கும்வரை கேட்கிறேன். ஜெபத்தில் இன்னும் உதடு மட்டும்தான் அசைகிறது. அழுத்துவதற்குப் பக்கத்தில் கை இல்லை.

கேட்கத் தைரியமில்லாமல் இவ்வளவு தூரம் தள்ளிப்போட்ட ஒன்று இருக்கிறது. ஜெனி சொன்னதை எழுதலாமா என்று அவளிடமே கேட்டேன். "எழுதுக்கா, யாராவது பதில் சொல்லுவாங்க" என்றாள். அக்காவின் நினைவுக் கூட்டத்துக்கு அவள் வருகிறாள். அந்த அட்டையின் முன் நின்று ஜெபித்தவர்களில் யாராவது ஒருவர் அவளைத் தனியாக அழைத்துப் போய், அந்த வசனத்தை நாம்தான் அப்படி எடுத்துக்கொண்டோம் என்று சொல்லுங்கள். அவள் பாத்ரூமில் நினைத்தது அம்மாவின் மேல் வைத்த அன்பு என்று சொல்லுங்கள். நான் சொன்னால் அவள் நம்பவில்லை. உங்களைத்தான் நம்புகிறாள்.