ரப்பர் ஏற்றிய வேகம்

பாட்டை இழுத்து நீட்டுகிறவர் என்பதால் அவருக்கு ரப்பர் என்று பெயர் விழுந்தது. பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை. வீட்டில் மனைவி "ஏங்க" என்பாள், வெளியே நாங்கள் "ரப்பர்" என்போம். இரண்டுக்கும் ஒரே மாதிரி மெதுவாகத் திரும்பிப் பார்ப்பார்.

நான் ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிறவன். கிழிந்த கூம்புக் காகிதத்தைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது என் வேலை. வார இறுதியில் டான்ஸ் கிளப்புகளில் கிழிகிற ஸ்பீக்கர்கள் திங்கட்கிழமை என் மேஜைக்கு வரும். பெரும்பாலும் ரப்பருடைய பாட்டு கிழித்தவையாக இருக்கும். அந்த வகையில் அவர் எனக்குச் சோறு போட்டவர். அவர் என்னைக் கூம்பு என்றுதான் கூப்பிடுவார்.

அன்றைய பாட்டுகள் குட்டையானவை. ஆடுகிறவனுக்கு உடம்பு சூடேறுவதற்குள் முடிந்துவிடும். ரப்பர் அந்தப் பாட்டில் டிரம்ஸ் மட்டும் அடிக்கிற இடத்தைத் தேடி, டேப்பில் பல முறை பிரதி எடுத்து, பிளேடால் சாய்வாக நறுக்கி, ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி நீட்டுவார். ஒட்டு எங்கே என்று காதுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் முழுவதையும் பிரித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். நறுக்கிய துண்டுகள் கலந்துவிடாமல் இருக்க, அறையில் கொடி கட்டி, துணி கிளிப் போட்டு வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்.

"எல்லார் வீட்டுலயும் துணி காயப் போடுவாங்க அண்ணே. இங்க பாட்டைக் காயப் போட்டிருக்காரு. என் புடவைய எங்க போடுறது, இவர் தலையிலயா?" என்று அவர் மனைவி என்னிடம் முறையிடுவாள்.

"போடேன், நிழலா இருக்கும்" என்பார் ரப்பர், பிளேடிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நீட்டுவது பாதி வேலைதான். மீதி பாதி வேகம். அவருடைய டேப் மிஷினில் வேகத்தை மாற்றத் திருகு கிடையாது. நாடாவை இழுக்கிற சின்ன இரும்புத் தண்டில் மருந்துக்கடைப் பிளாஸ்திரியை ஒரு சுற்றுச் சுற்றினால் தண்டு தடிக்கும். தண்டு தடித்தால் நாடா வேகமாக ஓடும், பாட்டும் துள்ளும். எத்தனை சுற்று என்பதை அவர் கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. பகல் நேரத்தில் காலி டான்ஸ் ஹாலுக்குப் போய்ப் போட்டுப் பார்ப்பார். அங்கே தரை பெருக்குகிற அம்மா ஒருவர் இருந்தார். ஆளை வைத்து ஆட்டம் சொல்ல முடியாது, துடைப்பத்தை வைத்துத்தான் சொல்ல முடியும் என்பது ரப்பரின் கொள்கை. பாட்டு சரியான வேகத்தில் இருந்தால் அந்த அம்மாவுக்கே தெரியாமல் துடைப்பம் தாளத்தில் போகும்.

"இழுக்குதுப்பா இந்தப் பாட்டு. எனக்கு இடுப்பு வலிக்குது" என்று அவர் நிமிர்ந்தால் ரப்பர் இன்னொரு சுற்றுப் பிளாஸ்திரி போடுவார்.

அப்படித்தான் அவருடைய மச்சினியின் பாட்டுக்கும் வேகம் வைத்தார்.

மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, பகலில் தையல் கூடத்தில் சட்டைக்குக் காலர் வைப்பவள். சாயங்காலம் ஒரு டான்ஸ் ஹால் குழுவில் பாடுவாள். கனமான, தாழ்ந்த குரல். போனில் பேசினால் எதிர்முனையில் "சொல்லுங்க சார்" என்பார்கள். "எங்க வீட்டுல ஆம்பளப் பிள்ளை இல்லாத குறை தெரியலை" என்று அக்கா கேலி செய்வாள். தங்கை அதே குரலில் "ஆமாம்டி தங்கச்சி" என்பாள்.

அந்தக் குழு சொந்தமாக மெட்டுப் போட்ட ஒரு பாட்டை, அவர்கள் பாடிப் பழகும் அறையிலேயே ரப்பர் பதிவு செய்தார். இரண்டு சரணத்தில் ஒன்றை எடுத்துவிட்டார். டிரம்ஸை நீட்டினார், பல்லவியைத் திரும்பத் திரும்ப வர வைத்தார். பாட்டு தொடங்குவதற்கு முன் அவள் இழுக்கிற மூச்சு மட்டும் தனியாகக் கேட்கும்படி விட்டார். துடைப்பத்துக்கு ஏற்றபடி பிளாஸ்திரி சுற்றினார். வெளியே வந்தபோது அது வேறு ஒருத்தியின் குரலாக இருந்தது. மெல்லியது, உயரமானது, பளபளப்பானது.

பிறகு மூலப் பதிவு இருந்த ரீலை அழித்து அடுத்த பாட்டை அதில் பதிந்தார். ரீல் கிடைப்பது அருமையாக இருந்த காலம். வேலை முடிந்தால் அழித்து எடுத்துக்கொள்வது எங்கள் வட்டாரத்தில் எல்லாரும் செய்தது. ரீமிக்ஸ்தான் பாட்டு, மற்றது கச்சாப் பொருள் என்று நினைத்தோம். தோசை வந்த பிறகு மாவை யார் எடுத்து வைப்பார்கள்?

பாட்டு எல்லாக் கிளப்பிலும் ஓடியது. என் மேஜையிலும் அதன் பலன் வந்து குவிந்தது. ஆனால் மேடையில் அவள் தன் குரலில் பாடத் தொடங்கினால் கீழே கத்துவார்கள். "ரெக்கார்டுல இருக்கிற மாதிரி பாடு!" குழுவினர் சுருதியை ஏற்றினார்கள். அவளும் ஏறினாள். வருஷக்கணக்காக அந்த உயரத்திலேயே பாடினாள். பேச்சுக் குரல்கூடக் கொஞ்சம் மேலே போய்விட்டது. போனில் அவளைச் சார் என்று சொல்வது நின்றது. அந்த மேடைப் பதிவுகள் உண்டு. அவற்றில் பாடுவது பெரும்பாலும் கூட்டம்தான்.

வயதான பிறகு தொண்டையில் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ரப்பர் டாக்டரிடம் கேட்டபோது நான் பக்கத்தில் நின்றேன்.

"உச்சத்துலயே பாடினதால வந்ததா டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாதுங்க" என்றார் டாக்டர்.

இல்லை என்று அவர் சொல்லவில்லை. ரப்பர் அந்த வாக்கியத்தை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். அதன் பிறகு அவர் பிளேடைத் தொடவில்லை. கொடி காலியாயிற்று. புடவை காயப் போட இடம் கிடைத்தும் மனைவி அந்த அறைக்குள் போகவில்லை.

உடம்பு தேறியபின் மச்சினி அக்கா வீட்டுக்கு வந்தாள். கையில் எழுதி அழிக்கிற சின்ன வெள்ளைப் பலகை. எழுதி ரப்பரின் பக்கம் திருப்பினாள்.

"மாமா, என் குரல் எனக்கு மறந்துபோகுது. மேலே ஏத்துறதுக்கு முன்னாடி இருந்தது வேணும்."

"அழிச்சிட்டேனேம்மா" என்றார் ரப்பர்.

அவள் அந்தப் பலகையை அழிக்காமல் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலையில் ரப்பர் என் கடைக்கு வந்தார். "கூம்பு, ஒரு நல்ல ஸ்பீக்கர் கொடு. பொய் சொல்லாததா இருக்கணும்" என்றார். ரீமிக்ஸின் முதல் பிரதி அவரிடம் இருந்தது. அதை எவ்வளவு வேகம் குறைத்தால் அவளுடைய குரல் என்பதுதான் தெரியவில்லை. துடைப்பக்கார அம்மா உயிரோடு இல்லை. பிளாஸ்திரி எப்போதோ உரிந்து போயிருந்தது. வேகத்துக்குத் திருகு உள்ள வேறு மிஷின் ஒன்றை இரவல் வாங்கி வந்திருந்தார். ஆனால் எங்கே நிறுத்துவது?

நாட்கணக்காக அந்தப் பாட்டைக் கேட்டார். நானும் கடையைச் சீக்கிரம் மூடிவிட்டுப் போய் உட்கார்ந்திருப்பேன். ஒரு பிற்பகலில் கையைத் தூக்கினார்.

"கூம்பு, அந்த மூச்சுக்குப் பின்னால என்ன கேக்குது?"

காதைக் கூம்பில் வைத்தேன். "உம்ம்னு கரன்ட் இரைச்சல். அவங்க பாடிப் பழகின அறையில இருந்த பழைய ஆம்ப்ளிஃபையர். எத்தனை தடவை உன்கிட்ட திட்டு வாங்கியிருக்கேன் அதுக்கு!"

"கரன்ட் இரைச்சல் அன்னைக்கும் இன்னைக்கும் ஒரே சுருதிதானே?"

எனக்குப் புரிந்தது. பாட்டை வேகப்படுத்தியபோது இரைச்சலும் சேர்ந்து ஏறியிருக்கும். அது பழைய சுருதிக்கு இறங்குகிற இடத்தில் அவளும் இறங்கியிருப்பாள். மூச்சு வருகிற துண்டை மட்டும் பிரதி எடுத்து, வளையமாக ஒட்டி, ஒரு நாற்காலிக் காலைச் சுற்றி ஓடவிட்டார். பக்கத்தில் நான் ஒரு பழைய டிரான்ஸ்ஃபார்மரை உறுமவிட்டேன். இரண்டு இரைச்சலும் சுருதி சேராமல் ஒன்றோடொன்று உரசி, துடிப்பு மாதிரி விட்டுவிட்டு அடித்தன. அவர் திருகை மயிரிழை மயிரிழையாகத் திருப்பத் திருப்ப, அடி மெதுவாயிற்று. பிறகு நின்றது. இரண்டும் ஒன்றாயின. திருகில் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

திரும்பத் திரும்ப வந்த பல்லவிகளை நறுக்கி எடுத்து, பாட்டைப் பழைய நீளத்துக்கு அருகில் கொண்டுவந்தார். நீட்டியவர் குறுக்கிக்கொண்டிருந்தார். தூக்கியெறிந்த சரணத்துக்கு மட்டும் வழி இல்லை. அந்த இடத்தில் சும்மா டிரம்ஸ் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்காவும் தங்கையும் கேட்டார்கள். பாட்டு தொடங்கியதும் அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். "இதாங்க. சாப்பிடக் கூப்பிடுறப்ப இப்படித்தான் கூப்பிடுவா. இதேதான்."

மச்சினி கடைசிவரை கேட்டுவிட்டு, இல்லை என்று தலையாட்டினாள்.

ரப்பர் பென்சில் கோட்டைத் தொட்டுக் காட்டினார். "கரன்ட் பொய் சொல்லாதும்மா."

அவள் எழுந்து வந்தாள். ஒரு கையை ஸ்பீக்கர் பெட்டியின் மேல் வைத்தாள். இன்னொரு கையால் திருகைப் பிடித்து, தானே இறக்கினாள். பென்சில் கோட்டைத் தாண்டி இறங்கியது. குரல் தடித்தது. ஓரிடத்தில் கை நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். பிறகு பலகையை எடுத்தாள்.

"எனக்கு உள்ளே இப்படித்தான் கேட்டுச்சு."

ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று கேட்பதும் பெட்டியில் காதை வைத்துக் கேட்பதும் ஒன்றல்ல என்பது என் தொழிலில் நான் தினமும் பார்ப்பது. நாங்கள் எல்லாரும் அவளை வெளியே இருந்து கேட்டவர்கள். இதை ரப்பரிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் வேறொன்றைக் கேட்டார். அத்தனை மாதங்களாகக் கேட்காமல் வைத்திருந்தது.

"நான் அன்னைக்கு ஏத்தாம இருந்திருந்தா உன் தொண்டை…"

அவள் பலகையை அழித்தாள். எழுதுவதற்கு நேரம் எடுத்துக்கொண்டாள்.

"ஏத்தாம இருந்திருந்தா அந்தப் பாட்டை ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டாங்க. கேட்டாங்க. நானும் ஏறினேன். போதும் மாமா."

ரப்பர் அதை இரண்டு முறை படித்தார். மன்னிப்பா, கணக்குத் தீர்ந்ததா, எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. பென்சிலை எடுத்துப் புதிதாகக் கோடு போடக் குனிந்தவர், நிமிர்ந்து மனைவியைக் கூப்பிட்டார்.

"பிளாஸ்திரி இருக்கா?"

"யாருக்கு என்ன காயம்?" என்று கேட்டுக்கொண்டே அவள் கொண்டுவந்தாள்.

மச்சினியின் கை நின்ற இடத்திலேயே, இனி யாரும் ஏற்றவும் முடியாமல் இறக்கவும் முடியாமல், அந்தத் திருகின் மேல் பிளாஸ்திரியை ஒட்டினார். ஓரங்களை நகத்தால் அழுத்தித் தேய்த்தார். இரவல் மிஷினைச் சொந்தக்காரரிடம் பேசி அப்படியே வாங்கி மச்சினி வீட்டில் கொண்டுபோய் வைத்தோம். அக்காவுக்கு, கரன்ட் சொன்ன வேகத்தில் முன்பே தனியாக எடுத்து வைத்திருந்த பிரதியைக் கொடுத்தார்.

சில பிற்பகல்களில் நான் அந்த வழியாகப் போவேன். ஜன்னலுக்குள்ளிருந்து அந்தக் கனமான குரல் வரும். பிறகு சரணம் இல்லாத இடம் வரும், வெறும் டிரம்ஸ். அங்கே அவள் உதடு அசைவதை ஒருமுறை பார்த்தேன்.