செலியமேட்டில் ஒரு பிரேக் சோதனை

செலியமேட்டுச் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. ஆயுத பூஜைக்காக நான் தங்கியிருக்கும் விடுதிக்காரர் அன்போடு என் சைக்கிளைத் துடைத்து, சக்கர ரிம்முக்கும் எண்ணெய் பூசியிருக்கிறார். ஆகவே பிரேக்கை முழுதாக அழுத்தியும் நிற்காமல், நெல்லுக்குள் புகுந்துதான் நிற்கிறேன்.

நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த பெண் இடுப்பில் கைவைக்கிறார்.

"இன்னா தம்பி, பிரேக்குக்கு எங்க நெல்லுதான் கெடச்சுதா?"

மன்னிப்புக் கேட்டுச் சிதறிய மணிகளை அள்ளிக் குவிக்கிறேன். பிறகு அவர் வீட்டுக் குழாயடியில் ரிம்மைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கிறேன். பிரேக் கட்டைகளை என் பையிலிருந்த உப்புத்தாளால் தேய்த்து, தளர்ந்த கம்பியையும் இறுக்குகிறேன்.

"சரியாயிடுச்சுக்கா."

"வாயால சொன்னா? அங்கேர்ந்து வேகமா வா, பாக்கலாம்" என்று நெல்லுக்கு முன்னால் போய் நிற்கிறார்.

தவறினால் விளைச்சலோடு அவருடைய காலும் சேதமாகும். ஆளில்லாத பக்கம் சோதிக்கலாமே என்கிறேன்.

"பயமா கீதா? அப்ப ரிப்பேரு முடியல."

வேறு வழியின்றி வேகமாக வந்து பிரேக்கை அழுத்துகிறேன். அவர் காலுக்கு ஒரு சாண் முன்னால் சைக்கிள் சட்டென்று நிற்கிறது. அதை எதிர்பாராமல் பின்னால் வந்த ஸ்கூட்டர்காரர், என்னைத் தவிர்க்க வளைந்து நெல்லுக்குள் புகுகிறார்.

"எறங்குய்யா கீழ" என்கிறார் அக்கா. "தம்பி, இவரு பிரேக்கயும் பாரு."