ஜாவாவுக்கும் பைத்தனுக்கும் ஒரு இஸ்திகாரா

போன வாரம் முழுக்க எங்கள் வீட்டில் ஒரே கேள்வி. ஜாவாவா, பைத்தனா?

ஏ.எல். பரீட்சை முடித்த என் மகள் சஹ்லா, தில்லையடியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேரப் போகிறாள். எந்த ப்ரோகிராமிங் மொழியில் தொடங்குவது என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிட வேண்டும்.

இதற்கு ஏன் பயம் என்கிறீர்களா? அவள் வாப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார் — "ஒரு வருசம் பாப்பம். சரிவராட்டி கற்பிட்டியில இருந்து வந்த சம்பந்தத்தப் பேசி முடிப்பம்."

தவறான மொழியைப் பிடித்துவிட்டால்... படிப்புக்கு அதோடு முழுக்கு!

நான் சும்மாவே பயந்தாங்கொள்ளி. தொண்ணூறில் முஸ்லிம்கள் எல்லோரையும் விரட்டி, நாங்களும் மன்னாரை விட்டு வெளியேறியபோது, எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் என் உம்மா அலுமாரிக்கு முன்னால் நின்ற முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. அன்றிலிருந்து எதையாவது தெரிவு செய் என்றாலே எனக்குப் பயம். சோப்பு வாங்கப் போனாலும் இதே கதைதான்.

கத்தாரில் இருக்கும் தம்பிக்குப் போன் போட்டேன். "ஜாவா படிக்கச் சொல்லுங்க ராத்தா. இங்க எங்கட கம்பனியில எல்லாம் அதுதான்." பக்கத்து வீட்டு டீச்சரோ, "ஐயோ, தொடக்கத்துக்கு ஜாவா கஷ்டம். பைத்தன்தான் லேசு" என்றார். கேட்கக் கேட்க பயம்தான் கூடியது. கடைசியில், முடிவெடுக்க இறைவனிடம் வழி கேட்கும் இஸ்திகாரா தொழுகையைத் தொழுதேன். நல்லது எதுவோ அதைக் காட்டு ரப்பே என்று அழுதே விட்டேன்.

வியாழக்கிழமை, வகுப்பு எடுக்கும் ஆசிரியரிடமே போனோம். அவர் சிரித்தார்.

"இதுக்குப் போய் இவ்வளவு பயமா? முதல் மொழி ஒரு தொடக்கம்தான். சரிவராட்டி மத்ததுக்கு மாறலாம். படிச்சது வீண்போகாது."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. த்ரீவீல் ஆட்டோவில் வரும்போது, "கேட்டியா மகள், இனிப் பயமில்ல. பைத்தன்லயே தொடங்கு" என்றேன்.

அவள் முகம் தெளியவில்லை.

"மொழிய மாத்தலாம் உம்மா. அதுக்கு இஸ்திகாரா தொழுதீங்க. கற்பிட்டி மாப்பிள்ளைக்குத் தொழுதீங்களா?"

தொழவில்லை. வெங்காயத் தோட்டம் இருக்கிறது, நல்ல குடும்பம் என்று யாரோ போனில் சொன்னதும் தலையாட்டிவிட்டேன். பயந்தாங்கொள்ளியான நான் இதற்கு மட்டும் எப்படிப் பயப்படாமல் இருந்தேன்?

வீட்டுக்கு வந்ததும் அவள் வாப்பாவிடம் சொன்னேன். "சம்பந்தத்த இப்ப நிப்பாட்டுங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவர் உடனே கற்பிட்டிக்குப் போன் போட்டார். நான் பயந்தால் வீட்டில் ஒருவருக்கும் நிம்மதி இருக்காது என்று அவருக்குத் தெரியும்.

என் பயம் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் உருப்படியான வேலை செய்திருக்கிறது!